இயல்பாக இல்லாத அலறல்

"ஆ...!"

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இயல்பா இல்ல சார். இன்னொரு டேக் போகலாம்."

அலறலார் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொழில் வைத்த பெயர் அது. சீரியல்களில் எவன் குத்துப்பட்டாலும், எவன் மாடியிலிருந்து உருண்டாலும், வாய் அவனுடையது, அலறல் இவருடையது. ஆனால் இப்போது வந்தது சொந்தச் சரக்கு. வருடக்கணக்காக இடுப்பில் குடித்தனம் நடத்தும் வலி, ஹெட்போனை எடுக்கக் குனிந்த நொடியில் தொடைவரை கோடு கிழித்துவிட்டது.

"வில்லன் காலையே உடைக்கிறான் சார்! நீங்க பேனா கீழ விழுந்த மாதிரி முனகுறீங்க!"

வலியைப் பல்லுக்கடியில் போட்டுக்கொண்டு பொய்யாக அலறினார்.

"அடடா! வயித்தப் பிசையுது!" கைதட்டல்.

அவரைப் பிசைந்தது வேறு. மறுநாள் மைத்துனன் வீடு மாறுகிறான். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரும்பு பீரோ உண்டு. அதன் கீழ்முனை அத்தானுக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. தண்ணீர் கேனைக்கூடத் தொடாதே என்று டாக்டர் மிரட்டியிருந்தார். அதை மைத்துனனிடம் சொல்லிப் பார்த்தார்.

"அத்தான், நடிப்பெல்லாம் மைக்குக்கு முன்னாடி வெச்சுக்குங்க."

அலறிப் பிழைப்பவன் வீட்டில் அலறினால் அது ஒத்திகை!

இன்றைக்குள் நம்ப வைத்தாக வேண்டும். சவுண்ட் இன்ஜினியரைத் தனியே இழுத்தார்.

"அந்த முதல் டேக்கை எனக்கு அனுப்புப்பா."

"ரிஜெக்ட் ஆனது எதுக்குண்ணே?"

"குடும்ப விஷயம்."

மாலை. ஹாலில் மைத்துனன் கயிற்றுச் சுருளோடு உட்கார்ந்திருந்தான். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் அலறலார். போனை மேஜை நடுவே வைத்தார். "டேய், இது நிஜ வலி. மைக்ல தானா மாட்டுனது. கேளு."

அழுத்தினார்.

"ஆ...!" முனகல் ஏழு மலைகளில் எதிரொலித்தது. பின்னாலேயே ஒரு வயலின் தேம்பித் தேம்பி அழுதது. சும்மா அனுப்பினால் அண்ணனுக்கு மரியாதையாக இருக்காதே என்று இன்ஜினியர் கைவேலை காட்டியிருந்தான்.

மைத்துனன் சோபாவிலிருந்து சரிந்தான். "இடுப்புக்குப் பின்னணி இசையா! அத்தான், பீரோவைத் தூக்கறப்பவும் போடுங்க, படி ஏறச் சுகமா இருக்கும்!"

அலறலாரின் முகம் செத்தது.

"போதும்டா" என்றாள் மனைவி. "பீரோவுக்குக் காலையிலேயே ஆள் சொல்லிட்டேன்."

"காலையிலேயேவா? அப்புறம் என்னை எதுக்குக் கயிறு வாங்க விட்ட?"

"ஆளுங்க கட்டித் தூக்க வேணாமா?"

"அக்கா, அவரு நடிக்கிறாரு!"

"நடிப்பு எனக்குத் தெரியாதா? நல்ல நாள்ல இவருக்கு டீ குடுத்தா சர்க்கரை கம்மி, ஆறிப்போச்சு, இது டீயா வெந்நீரான்னு ஆயிரம் நொட்டை. வலி உயிர் போற அன்னைக்குத்தான் 'நன்றிம்மா' வரும். இன்னைக்குக் காலையில மட்டும் ரெண்டு தடவ."

அலறலார் நிமிர்ந்தார். "தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

"ஊருக்கெல்லாம் கத்தறீங்க, இவன்கிட்ட வாதாடறீங்க. என்கிட்ட மட்டும் மரியாதை. வலிக்குதுன்னு ஒருநாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கீங்களா?"

வலி இடுப்பில் கால்மேல் கால் போட்டு வேடிக்கை பார்த்தது. அலறலார் டீயை ஒரு வாய் குடித்தார். வைத்தார். குரலில் எந்த வித்தையும் இல்லாமல் சொன்னார்.

"ரொம்ப வலிக்குது. டீயும் நல்லா இல்ல."

மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"இப்பத்தான் இயல்பா இருக்கு. படுங்க, வெந்நீர்ப் பை கொண்டாரேன்."