இரண்டாவது இறக்கைக்கும் ஒரு பொட்டு

சூடுகண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். பூனைக்குச் சரி. குணசேகரன் போனான்.

போன வருஷம் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது, ரிமோட்டில் பறக்கும் பேட்டரி ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கிவந்தான். பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். ரிமோட்டில் வேகக் குச்சி உச்சியில் நிற்பதைக்கூடப் பார்க்காமல், சாப்பாட்டு மேசையிலேயே வைத்து பேட்டரியைச் செருகினான். இறக்கை சுற்றிய சுற்றில் ஜன்னல் திரை கிழிந்தது. வலது ஆள்காட்டி விரலில் நாலு தையல். சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிப் பிழைக்கிற விரல் அது. ஆஸ்பத்திரியில் அவன் மனைவி பூர்ணிமா அழுத அழுகையில், தையல் போட்ட நர்ஸே அவளைத்தான் முதலில் உட்காரவைத்தாள்.

ஆசை யாரை விட்டது? இந்த வருஷமும் ஒன்று வாங்கிவந்தான். பூர்ணிமா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தீர்ப்புச் சொன்னாள்.

"இந்தத் தடவையும் ஏதாச்சும் ஆச்சுன்னா, அது மூஸா அண்ணன் வண்டியில போயிடும். சொல்லிட்டேன்."

மூஸா திருக்காட்டுப்பள்ளியில் பழைய இரும்பு எடுப்பவர். சொன்னதோடு நிற்பவளா அவள்? ஞாயிற்றுக்கிழமை காலை வரும்படி அவருக்குப் போனும் போட்டுவிட்டாள்.

குணசேகரன் இந்த முறை உஷாரானான். நோட்டில் ஒன்பது விதிகள் எழுதினான். சனிக்கிழமை சாயங்காலம் முதல் வேலையாக இறக்கை இரண்டையும் கழற்றி எட்ட வைத்தான். மோட்டார் தப்பித் தவறிச் சுற்றினாலும் வெட்ட ஒன்றும் இருக்கக் கூடாது. வேகக் குச்சியை அடியில் இறக்கி, ரிமோட்டை முதலில் போட்டு, பிறகுதான் பேட்டரியைச் செருகினான். விளக்கு நிலையாக எரியும்வரை ஹெலிகாப்டரைத் தொடவில்லை. திசைக் குச்சியைத் தள்ளின பக்கம் இறக்கை மாட்டும் தலைப்பகுதியும் சாய்கிறதா என்று பார்த்தான். கடைசியில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, இறக்கைகளை ஒரே போல்ட்டில் நேராகச் சேர்த்து, போல்ட்டை இரண்டு டம்ளர்களின் விளிம்பில் தராசு மாதிரி கிடத்தினான். எந்தப் பக்கமும் தாழவில்லை. திருப்பி மாட்டித் திருகை முடுக்கி, ஒன்பது விதிக்கும் எதிரே தாசில்தார் மாதிரி கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் நெல் காயப்போடும் களத்தில் கூட்டம் என்று பார்த்தால் மூன்றே பேர். ஒன்று பூர்ணிமா. இரண்டு, அவள் தம்பி சூர்யபிரகாஷ். ஆம்புலன்ஸுக்கு இப்போதே சொல்லிவைக்கட்டுமா என்று வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று, பூவரச மரத்தடியில் சாக்கை விரித்துக்கொண்டு மூஸா.

ஹெலிகாப்டரின் மூக்கில் குங்குமம் இருந்தது. தான் குளிக்கும்போது பூர்ணிமா பூஜை போட்டிருக்கிறாள் என்று தெரிந்து அவனுக்கு மனசு குளிர்ந்துபோனது. வாலோடு மடித்திருந்த இறக்கைகளை விரித்தான். மறுபடி நிறுத்துப் பார்க்கவில்லை. நேற்றுத்தான் பார்த்தாயிற்றே!

எல்லோரையும் மரத்தடிக்கு அனுப்பி, தானும் பதினைந்து அடி தள்ளி நின்று, குச்சியை மெல்ல ஏற்றினான். இறக்கை சுற்றியது. கூடவே ஹெலிகாப்டர் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கத் தொடங்கியது. போன வருஷத்துக் குணசேகரன் என்றால் பறந்தால் சரியாகிவிடும் என்று ஏற்றியிருப்பான். இவன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சைத் தட்டினான். இறக்கை முழுசாக நின்ற பிறகு போய் பேட்டரியைக் கழற்றினான்.

"அவ்வளவுதானா மச்சான்?" என்றான் சூர்யபிரகாஷ். மூஸா சாக்கை உதறிக்கொண்டு எழுந்தார்.

குணசேகரன் இறக்கையைப் புரட்டினான். அடிப்பக்கத்தில், நுனியில், பிள்ளைக்கு உள்ளங்காலில் வைப்பதுபோல யார் கண்ணுக்கும் தெரியாமல் ஒரு திருஷ்டிப் பொட்டு. கெட்டிச் சந்தனம், நடுவில் கண்மை, புளியங்கொட்டை பருமன். மற்ற இறக்கை வெறுமையாக இருந்தது.

துணியை எடுத்தான். ஒரு துடைப்பில் தீருகிற வேலை. ஆனால் கை எழவில்லை. இது ஹெலிகாப்டருக்கு வைத்த பொட்டா என்ன? அவன் விரலுக்கு வைத்தது.

பூர்ணிமா பக்கத்தில் வந்து பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது.

"நான் வச்சதாலயா ஆடுச்சு?"

"நீ வச்சத அழிக்க மாட்டேன். இன்னொண்ணுக்கும் அதே அளவு வையி."

"திருஷ்டிப் பொட்டு ஒண்ணுதாங்க வைப்பாங்க."

"இரட்டைப் பிள்ளைன்னு நெனச்சுக்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சந்தனக் கிண்ணமும் இரண்டு டம்ளரும் கொண்டுவந்தாள். அவன் இறக்கைகளைக் கழற்றிச் சேர்த்துக் கிடத்தினான். பொட்டு வைத்த பக்கம் தாழ்ந்தது. அவள் மறுபக்கத்தில், அதே இடத்தில், துளித் துளியாக அப்பினாள். ஆயுள் முழுக்க எடை போட்ட மூஸாவே குனிந்து பார்த்து, இன்னும் ஒரு பொடி வேண்டும் என்றார். நேரானதும் வெயிலில் காயவைத்து, சுற்றும்போது தெறிக்காமல் இரண்டின்மேலும் ஒரே நீளத்துக்கு டேப் ஒட்டி, மறுபடி நிறுத்துப் பார்த்துத்தான் மாட்டினான். இந்த முறை ஒன்பது விதியையும் முதலிலிருந்து.

நடுக்கமே இல்லை. தரையை விட்டு எழும்பி, களத்துக்கு மேல் ஆள் உயரத்தில் அசையாமல் நின்றது. சூர்யபிரகாஷின் வாய்க்கு ஒரு வழியாகப் பூட்டு விழுந்தது. மூஸா சாக்கை மடித்து வண்டியில் போட்டுவிட்டு, சாயங்காலம் இன்னொரு தடவை பறக்குமா என்று விசாரித்தார்.

இறங்கி, இறக்கை நின்று, பேட்டரியைக் கழற்றியதும் பூர்ணிமா வந்தாள். ஹெலிகாப்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவன் இரண்டு கைகளையும் பிடித்து, தழும்பு விழுந்த விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எண்ணினாள். பத்தும் இருந்தது. பிறகு நோட்டை வாங்கி, ஒன்பதுக்குக் கீழே எழுதினாள்:

'10. இறங்கினதும் விரல்களைப் பூர்ணிமாவிடம் எண்ணிக் காட்டவும்.'

பேனாவை அவனிடம் நீட்டினாள். குணசேகரன் கையெழுத்துப் போட்டான்.