நின்றுகொண்டே சாப்பிடும் வீடு

எங்கள் சலவைக்கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரைச்சீலை. கடைக்கு ஆள் வந்தால் அடுப்படியில் இருப்பவர் ஓடவேண்டும். அதனால் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அப்பா இஸ்திரி மேசை ஓரத்தில் தட்டை வைத்துக்கொள்வார். அம்மா கதவில் சாய்ந்திருப்பாள், ஒரு காது கடைப்பக்கம். நானும் தங்கையும் சலவை இயந்திரத்தின் மேல் தட்டை வைத்து அள்ளிப் போட்டுக்கொள்வோம். இயந்திரம் ஆடும், தட்டும் ஆடும்.

தங்கை பள்ளி ரிலே அணியில் இருக்கிறாள். பள்ளி தெருமுனையில்தான், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஓடப் போவாள். கொஞ்ச நாளாகப் பாதி ஓட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். "வெள்ளிக்கிழமை தேர்வு ஓட்டத்துலயும் இப்படி உக்காந்தா வேற பொண்ணைப் போட்டுடுவேன்" என்று விளையாட்டு டீச்சர் சொல்லிவிட்டார். முட்டி கிழிந்தபோதுகூட அழாதவள், அன்று தேம்பிக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. அம்மாவும் தங்கையும் நானும் நின்றோம்.

"உக்காருங்கம்மா."

"பரவாயில்லைங்க, இப்பப் போயிடுவோம்" என்றாள் அம்மா.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும் உனக்கு?"

"நேரமா? நான் சாப்பிட்டுட்டுத் திரும்பிப் போறப்பதான் மத்தவங்க டப்பாவையே திறப்பாங்க." தங்கை பெருமையாகச் சொன்னாள்.

"வயித்துல கோளாறு இல்ல. மெல்லாம முழுங்கறா, காத்தையும் சேர்த்து. உக்காந்து நிதானமா சாப்பிடட்டும். நீங்களும்தான்."

"எங்களுக்கு வலிக்கலையே!"

"இவ யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டா?"

அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "மத்தியானம் ஷட்டரை இறக்கறதா? எதிர்க்கடைக்காரன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். அவன் பொண்ணா ஓடப் போகுது?" என்றாள் அம்மா.

மறுநாள் ஷட்டரை இறக்கினோம். துணி மடிக்கும் மேசையைக் காலி செய்து நாலு முக்காலி போட்டோம். உட்கார்ந்தோம். கண்மூடித் திறப்பதற்குள் நாலு தட்டும் காலி.

"உக்காந்தாச்சு. இப்ப என்ன பண்றது?" என்றார் அப்பா.

"என் வெள்ளிக்கிழமை போச்சு" என்றாள் தங்கை.

அம்மா யோசித்து, அடுத்த நாள் ஒரு சட்டம் போட்டாள். "ஆளுக்கு ஒரு கதை சொல்லணும். வாய் பேசினா முழுங்க முடியாதுல்ல?"

அப்பா ஆரம்பித்தார். ஒருவரின் கோட்டுப் பையில் பல்செட் கிடைத்ததாம். தேடி வந்தவர் வாயைத் திறக்காமல் சைகையிலேயே கேட்டாராம். அப்பா புரியாததுபோல் பேனாவையும் சீப்பையும் எடுத்து எடுத்துக் காட்டினாராம். "பாவம்ங்க!" என்று அம்மா சிரித்தாள்.

"பெரியவளே, உன் முறை."

பள்ளியை விட்டதிலிருந்து நான் இஸ்திரிப்பெட்டியோடுதான் இருக்கிறேன், பேசிப் பழக்கமில்லை. முகம் சூடாகிவிட்டது. மெதுவாகச் சொன்னேன்: "வாரா வாரம் ஒரு தாத்தா அழுக்கே இல்லாத சட்டையைக் கொண்டுவர்றார். வீட்டுல பேச ஆளில்ல போல."

"அதான் அவ்ளோ நேரம் என் காதைத் தின்னுட்டுப் போறாரா!" என்றார் அப்பா. "நான் கறை தெரியலையேன்னு கண்ணாடியை மாத்திட்டேன்டீ!"

தங்கை கரண்டியைப் பிடித்தபடியே குலுங்கிச் சிரித்தாள். தட்டில் பாதி அப்படியே இருந்தது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை நான் மைதானத்துக் கம்பிவேலிக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே என்னோடு படித்தவர்கள் இருந்தார்கள். மரத்தை ஒட்டி மறைந்துகொண்டேன். தங்கை ரிலே கட்டையை வாங்கிக்கொண்டு பறந்தாள். வளைவில் அவள் கை வயிற்றுப் பக்கம் போனது. அந்தக் கை நழுவிய காற்சட்டையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி மேலே வந்தது. அவள் கோட்டைத் தாண்டினாள். நிமிர்ந்தே நின்றாள்.

டீச்சர் அவள் தோளைத் தட்டி, "சரி, நீயே ஓடு" என்றார்.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. மைதானமே திரும்பிப் பார்த்தது.

தங்கை வேலியருகே ஓடிவந்தாள். "ஐயோ அக்கா, ஏன் இப்படிக் கத்தி மானத்தை வாங்கறே?" என்றாள். வாய்தான் திட்டியது, முகமெல்லாம் சிரிப்பு.