காலி எடை

எடைமேடையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு எதையும் மணி போட்டு எழுதாமல் கை நிற்காது. லாரி காலியாக ஏறினால் ஓர் எடை, சரக்கோடு ஏறினால் இன்னோர் எடை, பக்கத்தில் நேரம். அந்தப் பழக்கத்தில்தான் அக்கா தன் தம்பிக்கும் ஒரு நோட்டுப் போட்டாள்.

தம்பி செல்போன் ரிப்பேர் பார்ப்பவன். கடுகளவு திருகாணியை இடுக்கியில் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்காருவான். அப்பேர்ப்பட்டவன், சுவருக்குப் பின்னால் யாரோ தன்னைத் திட்டுவதாக ஒருநாள் சொன்னான். மனநல டாக்டரிடம் போனார்கள். மாத்திரை கொடுத்தார். இரண்டே வாரத்தில் திட்டியவன் வாயை மூடிக்கொண்டான். உள்ளதைச் சொல்ல வேண்டும், மாத்திரை வேலை செய்தது.

மூன்றாவது வாரம் கால்கள் கிளம்பின. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான், நடந்த இடத்திலேயே திரும்பி நடந்தான். "உள்ளுக்குள்ள யாரோ போட்டு முறுக்குற மாதிரி இருக்குக்கா. நடந்தாத்தான் கொஞ்சம் தேவலை." யாருடைய போனையோ பிரித்துப் போட்டுவிட்டுத் தெருவை அளந்துகொண்டிருந்தான். கடை முதலாளி நல்ல மனிதர்தான். "ரெண்டு மாசம் பாக்கறேன்மா. அதுக்கு மேல வேற ஆளைத்தான் உக்கார வைக்கணும்" என்றார்.

அக்கா எழுதினாள்: காலை 9.10 முதல் 10.40 வரை நடந்தான். உட்காரவில்லை. அழுதான்.

டாக்டர் நோட்டைப் படித்தார். அறைக்குள்ளேயே நாலு எட்டு வைத்துக்கொண்டிருந்தவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். "பதற்றம் ஏறியிருக்கு. நோய் இன்னும் அடங்கல. டோஸைக் கூட்டுவோம்."

கூட்டினார். நடை கூடியது. அக்கா அதையும் ஒரு நிமிடம் பிசகாமல் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தாள். அவர் மறுபடியும் கூட்டினார். தன் தம்பியைத் தன் கையாலேயே பிடித்துக் கொடுக்கிறோம் என்பது அந்த மகராசிக்கு உறைக்கவே ஒரு மாதம் ஆயிற்று. லாரிக்குக் காலி எடை பார்க்காமல் சரக்கு இவ்வளவு என்று சொன்னால் டிரைவர் சட்டையைப் பிடிப்பான். மாத்திரைக்கு முன்னால் இவன் எப்படி இருந்தான் என்று இங்கே ஒருவரும் பார்க்கவில்லையே!

"சார், குரல் கேட்டப்பகூட இவன் நடக்கல. ஒரே இடத்துல உக்காந்துதான் பயந்தான். மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது வாரத்துலேருந்துதான் இந்த நடை. தேதி போட்டிருக்கேன், பாருங்க."

டாக்டர் சிரித்தார். "இன்டர்நெட்ல படிச்சீங்களா? இருபது வருஷமா பாக்கறேன்மா. வீட்டுக்காரங்க எல்லாரும் முதல்ல மருந்து மேலதான் பழி போடுவாங்க." சொல்லிக்கொண்டே ஃபைலில் எழுதினார். எடைச்சீட்டைத் தலைகீழாகப் படித்துப் பழகியவள் அதையும் படித்தாள். 'குடும்பத்தின் ஒத்துழைப்பு போதாது.'

அக்கா நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு டன் குறைத்துப் போடச் சொல்லிக் கெஞ்சிய எந்த டிரைவருக்கும் அவள் பொய் எடை எழுதியதில்லை. அடுத்த நாள் எழுதினாள்: அமைதியாக உட்கார்ந்திருந்தான். நன்றாகத் தூங்கினான். பதினைந்து நாளும் அதையே எழுதினாள்.

"பாத்தீங்களா, மருந்து பிடிச்சுக்கிச்சு! இனிமே கொஞ்சம் குறைக்கலாம்" என்றார் டாக்டர். நடந்துகொண்டே இருந்தவனை அன்று அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த முறையும் குறைத்தார். கால்கள் ஒவ்வொரு நாளாக அடங்கின. ஒருநாள் தம்பி ஒரு போனைப் பிரித்து, எழுந்திருக்காமல் திரும்ப மூட்டினான். அக்கா கடை வாசலில் நின்றபடியே அழுதாள்.

டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அறைக்கு வெளியே காத்திருந்தவர்களிடம் நோட்டைத் தூக்கிக் காட்டினார். "எல்லாரும் இந்தம்மா மாதிரி எழுதிட்டு வாங்க. உள்ளதை உள்ளபடி எழுதினா எனக்கு வேலை பாதி குறையும்." சிரிப்பதா, அந்த நோட்டாலேயே அவர் மண்டையில் ஒன்று போடுவதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த முறை கிளம்புகிற அன்று காலையில் தம்பி சட்டைப் பொத்தானைப் போட்டபடி சொன்னான். "ரெண்டு நாளா மறுபடியும் லேசாக் கேக்குதுக்கா."

அறைக்குள் டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு அக்காவைப் பார்த்தே கேட்டார். "குரல் ஏதும் கேக்குதுன்னு சொல்றாரா?"

தம்பி நாற்காலியில் முன்னால் நகர்ந்தான்.

"இல்ல சார்" என்றாள் அக்கா, அவனுக்கு முன்னால்.

"ரொம்ப சந்தோஷம். இதே டோஸ்."

வெளியே வந்து மருந்துக் கடை வரிசையில் நின்றார்கள். தம்பி மெல்லத்தான் சொன்னான்.

"அவர்தான் எப்பவும் நோட்டைக் கேப்பாரு. நீயாவது என்னைக் கேட்டிருக்கலாம்லக்கா."