துருப்பிடித்த ஊக்கு

ஊர்ப் பெரியோர்க்கும், பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோர்க்கும் மிகுந்த பணிவுடன் அறிவிக்கப்படுவது: இந்த ஊரில் பட்டம் வாங்கியவர்களுக்குக் கண் போய்விடும். முழுதாக அல்ல, பட்டத்துக்கு ஏற்றபடி. பட்டயப் படிப்பு முடித்தவர்களுக்கு மேகம் மட்டும் தெரியாது. மழையில் நனைவார்கள், அவ்வளவுதான். இளங்கலை முடித்தால் தூரத்துச் சொந்தங்கள் மறைந்துபோவார்கள். இதைப் பலர் வரம் என்றே சொல்லிக்கொண்டார்கள். முதுகலைக்கு மரங்கள், அக்கம்பக்கத்து வீடுகள், எதிரே வரும் ஆட்கள் எல்லாம் போகும். அஞ்சல்வழியில் படித்தவர்களுக்கு இதே குறை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். முனைவர் பட்டமோ உச்சம்: ஆராய்ந்த பொருளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. கௌரவ டாக்டர்களுக்கு மட்டும் எல்லாம் பழையபடி தெரிந்தது; படித்தால்தானே போவதற்கு.

பேருந்து நிலையத்துப் பின்தெருவில், சலவைக்கடையில் வேலை பார்த்த ஒருத்தியின் மகன் துருவில் முனைவரானார். இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று வருடக்கணக்கில் எழுதியவர். பட்டத்தோடு வீட்டுக்கு வந்தவருக்கு ஜன்னல் கம்பியும் கதவுக் கீலும் வாளியின் அடியும் தெரிந்தன. வாசலில் நின்ற அம்மா தெரியவில்லை. காது நன்றாகக் கேட்டது. குரல் வந்த பக்கம் திரும்பி, "எங்கம்மா இருக்கே?" என்றார். பெரிய படிப்பென்றால் சும்மாவா என்று தெருவே பெருமைப்பட்டது.

அம்மா அழுதுகொண்டு உட்காரும் ரகமில்லை. ஓர் ஊக்கை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, நன்றாகத் துருவேறியதும் தோளில் குத்திக்கொண்டாள். அன்றுமுதல் மகன் அந்தரத்தில் நகரும் ஊக்கோடு பேசினார், அதைப் பார்த்துச் சிரித்தார், அதற்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். குடும்பம் அப்படியே ஓடியது. பட்டயத்தோடு நிறுத்திக்கொண்ட தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை.

"அண்ணன் உன் மூஞ்சியப் பாத்து எத்தன வருஷமாச்சும்மா? ஊக்குக்குப் பொறந்தவன் மாதிரி இருக்கான்."

"பாக்கறானில்ல? தோளுக்கும் மூஞ்சிக்கும் என்னடி பெரிய தூரம்," என்பாள் அம்மா. சொல்லிவிட்டு, ஊக்கைக் கழுத்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திக்கொள்வாள்.

பிறகு அவளுக்கு ஈரல் கெட்டது. மருத்துவமனையில் முதல் வேலையாக ஊக்கைக் கழற்றச் சொன்னார்கள். துரு பட்டால் சீழ் பிடிக்கும் என்றாள் நர்ஸ், நியாயமாகத்தான். முனைவர் வந்தபோது அங்கே கட்டில் புதிது, தட்டு எவர்சில்வர், துரு என்று மருந்துக்குக்கூட எதுவும் இல்லை. காற்றைத் துழாவியபடி நின்றார். தங்கை அவர் கையை இழுத்து அம்மாவின் கன்னத்தில் வைத்தாள்.

"இதான்ணா அம்மா. ஒரு தடவ பாத்துடேன்."

"எங்க?" என்றார்.

"விடுடி," என்றாள் அம்மா. "தேடுறானே, அது போதும்."

அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் உயிர் போனது. அது அவருக்குத் தெரிய நியாயமில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தேடினார்.

அடக்கத்தன்று தங்கை குடையில்லாமல் நனைந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஊக்கை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை "அம்மா" என்று கூப்பிட்டார். பதில் வராததால், முதல்முறையாக அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். உப்பும் வியர்வையும் சேர்ந்து அரித்த துரு. எந்தப் புத்தகத்திலும் ஏறாத வகை. உட்கார்ந்து எழுதினார். அந்தக் கட்டுரைக்காக அவரைத் துறைத் தலைவராக்கினார்கள். தலைவரின் நாற்காலி புது எவர்சில்வர். தடவிப் பார்த்துத்தான் உட்காருகிறார்.