இயக்கிப் பார்க்கப்பட்டது

2007 மார்ச் 12, திங்கட்கிழமை, காலை பத்து இருபது.

லான்டர்ன் 1.2 அப்போதுதான் இணையத்தில் ஏறியது. 1.1க்கு ஏற்பத் தன் புத்தகத்தைத் திருத்தும் வேலையை பானுமதி வெள்ளிக்கிழமைதான் முடித்திருந்தாள்.

லான்டர்ன் இணையதளம் கட்டுவதற்கான இலவச மென்பொருள். எங்கெங்கோ இருக்கும் பத்துப் பதினைந்து பேர் அதை எழுதினார்கள். மாற்றினார்கள். அதைத் தமிழில் கற்றுத்தர பானுமதி 2005இல் ஒரு புத்தகம் போட்டாள். அப்போது லான்டர்ன் 0.9. பின்னட்டையில் ஒரு சிடி. முதல் பக்கத்தில் ஒரு வரி: இந்நூலின் ஒவ்வொரு நிரலும் இயக்கிப் பார்க்கப்பட்டது.

ஜனவரியில் மதுராந்தகத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. பிரவுசிங் சென்டரில் புதிய லான்டர்னை இறக்கிப் பார்த்தேன், பக்கம் 47 வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு மீன் ஏலப் பட்டியல். நிரலை இயக்கினால் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி மூன்றும் திரையில் வரவேண்டும். அவள் இயக்கிப் பார்த்தாள். ஒரு மீனும் வரவில்லை.

மாமல்லபுரம் சாலையில் ஒரு பாலிடெக்னிக் அவள் புத்தகத்தைப் பாடமாக வைத்திருந்தது. வேறெங்கும் வைக்கவில்லை. ஜூலையில் வரும் வகுப்புக்கு முப்பது பிரதி வேண்டும், கிடைக்காவிட்டால் ஆங்கிலப் புத்தகத்துக்கு மாறிவிடுவோம் என்று முதல்வர் சொல்லியிருந்தார். பழைய பதிப்பில் நூற்றுப்பத்துப் பிரதிகள் செங்கல்பட்டில், ராஜாராமின் அச்சகத்தில் கிடந்தன. அவற்றைத் தர அவளுக்கு மனம் வரவில்லை.

நாவலூரில் அலுவலகம். கல்பாக்கம் குடியிருப்பில் வீடு. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு பக்கம் திருத்தினாள். 1.2இல் பட்டியலுக்கான கட்டளையை இயக்கினால், அது விரைவில் நீக்கப்படும் என்று எச்சரிக்கை வந்தது. மே மாதம் 1.3 வந்தது. அதில் அந்தக் கட்டளையே இல்லை. பழைய முறை குழப்பமாக இருந்தது என்று இணையத்தில் ஒருவர் ஒற்றை வரியில் விளக்கம் எழுதியிருந்தார். அந்தக் குழப்பத்தைப் புரியவைக்க அவள் நான்கு பக்கம் எழுதியிருந்தாள்.

கணவன் செல்வராஜ் அணுமின் நிலையத்தில் பொறியாளர். காபியை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "எங்க ஆபீஸ்ல ஒரு வால்வை மாத்தணும்னா ரெண்டு வருஷம் மீட்டிங் போடுவோம்."

அவள் அடுத்த பக்கத்தைத் திருத்தினாள்.

ஜூன் ஆறாம் தேதி, பதினாறு பக்கம் ஒரு பாரமாக, எட்டுப் பாரங்களுக்கு அச்சுத் தகடு போட்டாகிவிட்டது. ஒன்பதாம் தேதி லான்டர்ன் 2.0. கோப்புறைகளின் பெயரையெல்லாம் மாற்றியிருந்தார்கள். பானுமதி பத்து நாள் விடுப்பு எடுத்தாள். அச்சகத்திலேயே உட்கார்ந்து திருத்தினாள். எட்டுத் தகடும் வீண்.

"இன்னா மேடம், இது புக்கா, நியூஸ் பேப்பரா?" என்றார் ராஜாராம். "தெனம் ஒண்ணு மாத்திகினே கீறீங்க."

புத்தகம் அச்சேறிய அன்று பழைய பிரதிகளை வெட்டிப் போடச் சொன்னாள். ஒரு கட்டாவது இருக்கட்டும், யாராவது கேட்பார்கள் என்றார் அவர். தப்பான புத்தகத்தை யாருக்கும் தரமாட்டேன் என்றாள். ராஜாராம் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு கட்டுகளை வெட்டும் இயந்திரத்தில் வைத்தார். ஒவ்வொரு கட்டும் இரண்டாகும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

ஜூலை இரண்டாம் தேதி முப்பது பிரதிகளும் பாலிடெக்னிக் போய்ச் சேர்ந்தன. பத்து நாள் கழித்து ஆய்வகப் பொறுப்பாளர் ஏசுதாஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். பக்கம் 47 வேலை செய்யவில்லை.

மறுநாள் காலை அவள் நேரில் போனாள். ஏசுதாஸ் ஒரு கணினியைத் திறந்துவிட்டார். பக்கம் 47இல் இருந்ததை எழுத்து எழுத்தாக அடித்தாள். திரை வெள்ளையாக நின்றது. கணினியிடம் லான்டர்னின் பதிப்பு எண்ணைக் கேட்டாள். 0.9 என்று வந்தது.

புத்தகத்தோடு வந்த புதிய சிடியை ஏற்றவில்லையா என்று ஏசுதாஸிடம் கேட்டாள்.

"நேத்து முப்பதுலயும் ஏத்தினேன் மேடம். அதுக்கு முன்னாலயும் ஏத்தினேன். காலீல ஆன் பண்ணா பழையபடி ஆய்டுது."

மாணவர்கள் எதையாவது கெடுத்துவிடுவார்கள் என்று எல்லாக் கணினிகளுக்கும் ஒரு பூட்டு போட்டிருந்தார்கள். பகலில் எதை ஏற்றினாலும் அணைத்ததும் அழிந்துவிடும். மறுநாள் 2005இல் இருந்தபடியே விழித்துக்கொள்ளும். பூட்டின் கடவுச்சொல் ஷ்யாம் என்பவருக்குத்தான் தெரியும். அவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. அவருடைய தொலைபேசி எண்ணில் வேறு யாரோ எடுக்கிறார்கள். இந்த வருடம் கணினிகளில் கை வைக்க முதல்வர் ஒப்பவில்லை. அக்டோபரில் செய்முறைத் தேர்வு.

2005இல் அதில் எதை ஏற்றினார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய சிடிதான்.

திரையில் இருந்ததை அழித்தாள். பழைய நிரல் மனப்பாடமாக இருந்தது. ஆறு வரி. அடித்து இயக்கினாள்.

வஞ்சிரம். சங்கரா. நெத்திலி.

ஏசுதாஸ் குனிந்து பார்த்தார். முகம் தெளிந்தது.

"இதான் மேடம் வேணும். அந்தப் பழைய புக்கு ஒரு முப்பது கெடைக்குமா?"