பயனாளியின் தோலில் பாதகமான மாற்றம்

...அவதானிக்கப்பட்டதாம், யார் அவதானித்தது, காக்காயா? ‘பயனாளியின் தோல் நிலைத்தன்மையில் பாதகமான மாற்றம் அவதானிக்கப்பட்டது’, இதை எழுதின கை எழுதி முடித்ததும் என்ன செய்திருக்கும், டீயில் பிஸ்கட்டை நனைத்திருக்கும், வேறென்ன. அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது, அழுக்கெல்லாம் தாளில். படுக்கைப்புண் என்று நல்ல தமிழில் ஒரு சொல் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகாதவருக்கும் புரியும், அதனால்தானே அதைத் தொடமாட்டேன் என்கிறார்கள். பக்கத்தில் ஆஸ்பத்திரியில் எடுத்த புகைப்படம் கிடந்தது. முதுகு முடிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம், பள்ளத்தின் அடியில் வெளுப்பாக ஏதோ, அது எலும்பு. எலும்பு வெளியே வந்து எட்டிப் பார்த்தால் அதற்குப் பெயர் பாதகமான மாற்றம். தலை உருண்டு கிடந்தால் உயரத்தில் சிறு குறைவு என்று எழுதுவார்களோ... படத்தைக் கவிழ்த்து வைத்தார், கவிழ்த்தாலும் தெரிந்தது.

முதியோர் பராமரிப்புத் துறையின் இந்த அலுவலகத்தில் அவருக்கு வேலையே இதுதான், அதிகாரிகள் எழுதுகிற அறிக்கையைக் குடும்பத்தார் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி மாற்றித் தருவது. அதற்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் ராஜா வீட்டு ரகசியங்களை எழுதிக்கொண்டிருந்தார். கள்ளக்காதல், விஷம், வாரிசுச் சண்டை, தொட்டிலில் மாறிப்போன இளவரசன். பத்திரிகை படுத்தது, இங்கே எடுத்துக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்கு அந்தப்புரம் என்று பெயர் வைத்திருந்தார்கள், அது அவருக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒருவிதத்தில் ஒரே வேலைதான் என்று அவருக்குத் தோன்றும். அரண்மனைக் குறிப்பு எழுதுகிறவர்களும் இந்த ஜாதிதான். ஒரு ராஜா, மந்திரி மனைவியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ‘மன்னர் வேட்டைக்கு எழுந்தருளினார்’ என்று எழுதி வைத்தார்கள், அந்தக் குறிப்பை நம்பினால் அந்த நாட்டில் மான் மட்டுமல்ல, முயல், அணில், ஓணான் எதுவுமே மிஞ்சியிருக்க முடியாது. இன்னொரு இளவரசன் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான், அந்த அரண்மனையில் குதிரையே கிடையாது, யானைதான். மூத்த ராணி காற்று மாறுதலுக்காக மேல்மாடத்துக்குப் போனாள், போன பிறகு கொத்தனார் வந்து வாசலை அடைத்துவிட்டுப் போனார், கொத்தனாருக்குச் சால்வை போர்த்தியது வரைக்கும் குறிப்பில் இருந்தது, ராணி மட்டும் அப்புறம் இல்லை. அப்போதெல்லாம் சிரிப்பாக இருந்தது. செத்தவர்கள் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது, நாற்றம் போயிருந்தது. இது அப்படியா, இதன் நாற்றம் தாள் வழியாகவே வருகிறதே.

நடந்தது ஒன்றும் மர்மமில்லை, காப்பக மேற்பார்வையாளரே தன் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தார். விடுமுறை வந்தது, மேல்தளத்து உதவியாளர்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் லீவு கேட்டார்கள், கொடுத்தார். மாற்று ஆள் போடவில்லை. மேலே இருந்தவர்களைக் கீழேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மேல்தளக் கதவைப் பூட்டிவிட்டார், விடுமுறை முடிந்து திறந்தபோது உள்ளே விடுபட்டுப்போன, எழுந்திருக்க முடியாத பெரியவர் ஈரத் துணியில் கிடந்தார், துணியை உரித்தபோது தோலும் கூட வந்தது. இந்த உரித்தல்தான் அறிக்கையில் ‘படுக்கை விரிப்பு மாற்றும் செயல்பாட்டின்போது’ என்று ஆகியிருந்தது. செயல்பாடாம். வெங்காயம் உரித்தால்கூட உரித்தேன் என்றுதான் சொல்கிறோம்.

இதையெல்லாம் படிக்கப் போகிறவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பெரியவரின் மகள், பேருந்து நடத்துநர், சீருடையோடு வந்திருந்தார், மதியப் பணிக்குப் போக வேண்டுமாம். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை நாளைக்கு அனுப்புகிறார்கள், அதே காப்பகத்துக்குத் திரும்ப அனுப்பச் சம்மதம் என்று மகள் இன்று கையெழுத்துப் போட்டால் அங்கேயே போவார், போடாவிட்டால் துறை வேறு இடம் பார்த்தாக வேண்டும். அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து. அதனால்தான் அலுவலக மேலாளர் அம்மா காலையிலேயே அந்தப்புரத்தின் மேஜைக்கு வந்து நின்றார்.

“எளிமையா எழுதுங்க சார்... ஆனா ரொம்பத் தெளிவா வேணாம்.”

அடடா, இதை ஒரு ராஜா சொல்லியிருந்தால் கல்வெட்டில் வெட்டியிருப்பார்கள்.

மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, சரிங்கம்மா என்றார், சொல்லிவிட்டுத் தெளிவாகவே எழுத உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் உதவியாளர்களுக்கு லீவு கொடுத்தார். கதவைப் பூட்டினார். உங்கள் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் இல்லை. தோல் அழுகியது. எழுத எழுத அருவருப்பு கொஞ்சம் இறங்கியது, சாக்கடை அடைப்பை எடுத்தது போல, ஆமாம், இப்படித்தான், இதற்குத்தானே சம்பளம்... கதவு பூட்டிய பிறகு அந்த அறை எப்படி இருந்திருக்கும்? ஜன்னல் வெளிச்சம் சுவரில் ஏறி இறங்கியிருக்கும், கீழே டிவி ஓடியிருக்கும், கை ஓடியது, நிற்கவில்லை, ‘அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், தொண்டை வறண்டு குரல் அடங்கும்வரை கூப்பிட்டார்’ என்று எழுதினார். படித்துப் பார்த்தார். கண் கலங்கியது. இதற்குப் பிறகு எந்த மகள் கையெழுத்துப் போடுவாள்? மேலாளர் பார்ப்பதற்கு முன்னால் எழுந்துபோய்த் தாளை அவரே மகளின் கையில் கொடுத்து, நிதானமாப் படிங்கம்மா என்றார்.

மகள் விரலை வரிகளின் அடியில் ஓட்டிப் படித்தார். லீவு, பூட்டு, ஈரம் எல்லாவற்றையும் விரல் தாண்டியது, முகம் கல்லாகிக்கொண்டே வந்தது, பார்த்துக்கொண்டு நின்றவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிறைவு, அப்புறம் விரல் நின்றது. அதே இடத்தைத் திரும்பப் படித்தது.

“அப்பாவுக்குப் பேச்சு போய் ரெண்டு வருஷமாச்சே சார். பக்கவாதம். ஒரு சத்தம்கூட வராது. எப்படிக் கூப்பிட்டாரு?”

அதற்குள் மேலாளர் அம்மா வெளியே வந்திருந்தார், கேட்டுவிட்டார், கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. மகளின் தோளில் கை வைத்து, சார் பழைய பத்திரிகைக்காரர்மா, கொஞ்சம் சுவை சேர்ப்பார், எங்க அறிக்கை தனியா இருக்கு, அது துறை சரிபார்த்தது என்றார். பழைய அறிக்கையும் சம்மதப் படிவமும் சேர்ந்தே வந்தன, மேலே பேனாவும்.

“மத்ததுல எது நிஜம்?” மகள் எழுதினவரைத்தான் கேட்டார்.

“எல்லாம் நிஜம்மா, அந்த ஒண்ணு மட்டும்...” என்று ஆரம்பித்தார், தன் காதிலேயே அது வேட்டைக்குப் போன ராஜாவின் ஆள் பேசுவது போல இருந்தது, நிறுத்திவிட்டார். பேச்சில்லாதவர் என்று கோப்பின் முதல் பக்கத்திலேயே இருந்திருக்கும், இவர் புண்ணைத்தான் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. பெரியவர் கூப்பிட முடியாமல் கிடந்தார், அதுவல்லவா நடந்தது, இவர் புனைந்ததைவிட எவ்வளவு மோசம், அது ஏன் தோன்றவில்லை? மகள் ஒரு கையில் அவருடைய தாளையும் மறு கையில் துறையின் தாளையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார், எதையும் கீழே வைக்கவில்லை, பேனாவையும் எடுக்கவில்லை. எழுதினவருக்கு இந்த முறை வேறு யாரையும் திட்ட வரவில்லை... அவர் எழுதியதிலேயே அவருக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அந்தக் ‘கூப்பிட்டார்’தான், இப்போதும் பிடித்திருந்தது.