பதினொரு நிமிஷம்

ஆகஸ்ட் முப்பத்தொன்றில் கல்யாணம் செய்துகொண்டது பத்மப்ரியாவின் தப்புதான். ஏழு ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன் படங்களைச் சேமித்துவைக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. மாதக் கடைசியில் அந்த மாதத்துப் படங்களைச் சரிபார்த்துத் தொகுக்க எட்டு மணி நேரம் பிடிக்கும். ஆறு வருஷமாகக் கல்யாண நாளில் கணவன் வெங்கிடேஷோடு மதியச் சாப்பாடு கிடையாது. சாயங்காலம் கரமனை வீட்டில் ஆடை படிந்து ஆறிப்போன பாயசம்தான்.

இந்த வருஷம் மதியமே வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அவன் சிரித்தான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

அவள் நம்பியிருந்தது எஸ்எஸ்டி என்னும் புது ரகச் சேமிப்பு டிஸ்குகளை. பழைய ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழன்று, முள் ஓடி ஓடித் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் சுழல எதுவுமில்லை, கேட்டதும் கொடுத்துவிடும். மேனேஜர் பகவதிப்பெருமாளுக்கோ, மாற்றினால் மொத்தமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம்.

“அஞ்சறைப்பெட்டி அடுப்புப் பக்கத்துல இருந்தா போரும் சார். அண்டா பரண்லயே இருக்கட்டும்” என்று மன்றாடி, இந்த மாதப் படங்களை மட்டும் எஸ்எஸ்டிக்கு மாற்றினாள். பத்து வருஷத்துப் பழைய படங்கள் ஹார்ட் டிஸ்கிலேயே நிம்மதியாக இருந்தன.

பதினொரு மணிக்குத் தொகுக்கும் வேலையை ஓடவிட்டாள். பதினொன்று பதினொன்றுக்கு முடிந்துவிட்டது என்றது திரை.

பாதிப் படங்களை விட்டிருக்குமோ? மறுபடி ஓட்டினாள். அதே பதினொரு நிமிஷம்.

“ஒருக்கா கூட ஓட்டிப் பாரும்மா. எனக்கு என்னமோ சரியாப் படல்ல” என்றார் பகவதிப்பெருமாள்.

மூன்றாம் முறையும் அதேதான். பிறகு ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் எண்ணிக்கையையும் உட்கார்ந்து ஒத்துப் பார்த்தார்கள். ஒரு படம்கூடக் குறையவில்லை. மணி ஒன்றேகால் ஆகியிருந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். வரவேற்பறை சோபாவில் வெங்கிடேஷ்! மடியில் டிபன் கேரியர், பக்கத்தில் பிளாஸ்க், பேப்பர், சார்ஜர், ஒரு தலையணைகூட.

“எப்போ வந்தேள்?”

“பதினொண்ணரைக்கே. நீ ஏழு மணிக்குத்தானே எறங்குவாய்? அதாக்கும் எல்லாம் எடுத்துண்டு வந்தேன். போன்ல விளிச்சா உன் வேலை கெடுமேன்னு இருந்தேன்.”

“அது அப்பவே முடிஞ்சாச்சு. நான்தான் நம்பலை.” அவளுக்குத் தன்மேலேயே கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

“இதையாவது நம்பு” என்று பிளாஸ்க் மூடியில் பாயசத்தை ஊற்றி நீட்டினான்.

அவசரமாக வாயில் வைத்து, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.